பூ போடாத குறிஞ்சி சேலை: கோத்தகிரி ரிசப்ஷன் ஒண்ணுக்கு உடுப்பு பண்ணின கேஸ்

நாங்க உடுப்பு டிசைன் பண்ணி தைக்கறவங்க, எங்ககிட்ட வந்த கேஸ் இது. பொண்ணு கோத்தகிரி, வேலை பெங்களூர்ல, மாப்பிள்ளை திண்டுக்கல் பக்கம். காலைல முகூர்த்தம் கோயில்ல, அதுக்கு வழக்கமான கூரைப்பட்டு, அதுல எங்களுக்கு வேலை எதுவும் இல்ல. சாயங்காலம் ரிசப்ஷன் கோத்தகிரிலயே ஒரு மண்டபத்துல, மாசம் ஜனவரி. பொண்ணோட அம்மா தமிழ் டீச்சர், பத்திரிகைல குறுந்தொகை மூணாவது பாட்டை, அதான் "நிலத்தினும் பெரிதே"ன்னு ஆரம்பிக்குமே தேவகுலத்தார் பாட்டு, அதை போடறதுன்னு ஏற்கனவே முடிவு பண்ணி பிரஸ்லயும் கொடுத்துட்டாங்க. அதனால ரிசப்ஷன் உடுப்பும் "குறிஞ்சி தீம்"ல இருக்கணும், சேலை, பிளவுஸ், குளிருக்கு மேல போட ஏதாவது ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒரு சட்டை, இவ்வளவுதான் ஆர்டர்.

கூடவே போன்ல ஒரு ஆல்பம் நிறைய போட்டோ கொண்டு வந்தா பொண்ணு. ஊதா பூ பெருசு பெருசா பிரிண்ட் பண்ணின லெஹங்கா, பிளவுஸ் கைல நீலகிரி பழங்குடி தோடர்களோட டிசைனை கம்ப்யூட்டர் எம்பிராய்டரில போட்டது, அப்புறம் சேலை பார்டர் முழுக்க பாட்டு வரியை ஜரிகைல எழுதினது. மூணும் வேணும்னு கேட்டா. அவ தம்பி பக்கத்துல உக்காந்துட்டு, கபிலர் குறிஞ்சிப்பாட்டுல 99 பூ சொல்லியிருக்காரே அக்கா, மொத்தத்தையும் முந்தில போட்டுடலாமேன்னு ஐடியா வேற. 99 பூ போட்ட முந்தியை தோள்ல போட்டா பொண்ணு தெரியமாட்டா, நர்சரி தான் தெரியும்னு சொல்லி அதை அங்கயே முடிச்சு வெச்சோம்.

ஜரிகை எழுத்தை டீச்சரே வேண்டாம்னுட்டாங்க. கொசுவம் வெச்சு கட்டினா எழுத்து மடிப்புக்குள்ள போயிடும், யாருக்கும் படிக்க வராது, அது ஒரு பக்கம், இன்னொண்ணு பார்டர்னா கால்ல பட்டு பட்டு தேயும், "பாட்டை மிதிச்சுக்கிட்டு நடக்கணுமா கண்ணு"ன்னு கேட்டாங்க, அதுக்கு மேல அதை யாரும் பேசல.

மிச்சம் ரெண்டு விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடியல. அதைத்தான் விலாவாரியா எழுதறேன், ஏன்னா இந்த மாதிரி ஆர்டர் இப்ப நெறைய வருது, ஓவியம், காடு, சங்கப்பாட்டு, பழைய சரித்திரம்னு எதையாவது காட்டி இதை வெச்சு ஒண்ணு பண்ணிக் கொடுங்கன்னு கேக்கறாங்க, கேக்கறவங்கள்ல பாதிப்பேருக்கு அதுக்கு அர்த்தம் அந்தப் படத்தை துணி மேல ஒட்டறதுதான். எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. ஒரு செடி எப்படி நிக்குது, ஒரு பாட்டை எப்படி கட்டியிருக்கான், ஒரு ஓவியன் எதை விட்டுட்டு எதை வரைஞ்சான், இதையெல்லாம் பாவுலயும் (நீளவாட்டு நூல்) ஊடையிலயும் (குறுக்கு நூல்) தையல்லயும் கொண்டு வர முடியுதான்னு தான் பார்க்கணும். முடியலன்னா அந்த விஷயத்தை அந்த உடுப்புக்கு எடுக்கவே கூடாது. இந்த கேஸ்ல சிலது வந்துச்சு, சிலது வரல.

பாட்டுல கலர் இல்ல

டீச்சரை பாட்டை நிதானமா ஒரு தடவை சொல்லச் சொன்னோம். நிலத்தை விட பெருசு, வானத்தை விட உயரம், நீரை விட ஆழம்னு மூணு பெரிய பெரிய அளவு முதல்ல வருது, எது பெருசுன்னு அப்ப நமக்கு தெரியாது. அப்புறம் சடார்னு "சாரல் கருங்கோற் குறிஞ்சிப் பூ"ன்னு ஒரு மலைச்சரிவு, ஒரு கருப்பு தண்டு, அதுல ஒரு பூ, அந்தப் பூவுல இருந்து தேன். கடைசி வார்த்தைல தான் நட்புன்னு தலைவி சொல்றா. எங்க தையல் மாஸ்டர் கட்டிங் டேபிள்ல இருந்தே கேட்டாரு, "டீச்சர், இதுல பூ என்ன கலர்னு சொல்லவே இல்லையே?" ஆமா, இல்ல. குறிஞ்சின்னாலே நம்ம எல்லாருக்கும் ஊதா தான், ஆனா பாட்டு எழுதினவரு பூவோட நிறத்தை தொடவே இல்ல, தண்டு கருப்புங்கறதை மட்டும் தான் நிறம்னு சொல்லியிருக்காரு. செடியை பக்கத்துல போய் பார்த்தவன் தான் அதை சொல்லுவான், ரோட்டுல வண்டில போறவனுக்கு மலை மொத்தமும் நீலமா தெரியும், அவ்வளவு தான்.

அந்த ஒரு கேள்வில டிசைன் பாதி முடிஞ்சுது. ஒண்ணு, கருப்பு தண்டு எங்கயாவது இருந்தே ஆகணும். ரெண்டு, தேன் இருக்கணும், ஆனா பூவுக்குள்ள ஒளிஞ்சு இருக்கற மாதிரி உள்பக்கமா. மூணு, சேலை முழுக்க டிசைன் கூடாது, பாட்டு மாதிரியே பெரிய வெத்து இடம் முதல்ல, கடைசில ஒரே இடத்துல சின்னதா நெருக்கமா ஏதோ ஒண்ணு. பொண்ணுக்கு மூணாவது அவ்வளவா பிடிக்கல, கல்யாணத்துக்கு பிளெயின் சேலையான்னு முகம் சுருங்கிடுச்சு. துணி நெய்ஞ்சு வந்ததும் பேசிக்கலாம்னு தள்ளி வெச்சோம்.

நீலமும் ரோஸும்

பூ பிரிண்ட் வேண்டாம்னா குறிஞ்சி எங்க இருந்து வரும்? கலர்ல இருந்து தான் வரணும். இங்க தான் பெரிய தலைவலி, பார்த்து மேட்ச் பண்ண பூவே கிடையாது. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டமா பூத்து, விதை போட்டு, செத்துடற செடி. 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, அடுத்தது 2030 கணக்கு. அதனால எல்லார் கையிலயும் இருக்கறது 2018 போன் போட்டோ தான், அதுல ஒரு போன்ல பூ இங்க் நீலம், இன்னொரு போன்ல கத்திரிக்காய் ஊதா, வேற ஒருத்தர் எடுத்ததுல ரோஸே அடிக்குது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவுல இருக்கற கலரை போன் கேமரா ஒழுங்கா பிடிக்காது, ஸ்கிரீனை பார்த்து சாயப்பட்டறைக்கு சொன்னா அவங்க என்ன கொடுப்பாங்கன்னு கடவுளுக்கே வெளிச்சம். அப்பவே நேர்ல பார்த்த ஊர்க்காரங்களை கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி ஒண்ணு சொன்னாங்க, தூரத்துல நீலம், கிட்ட போனா ஊதா.

அந்த வாக்கியத்தை அப்படியே சிறுமுகைக்கு கொண்டு போனோம். கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கினா பக்கத்துலயே சிறுமுகை, கைத்தறி ஊரு, பட்டும் காட்டனும் கலந்து நெய்யற கோரா சேலைக்கு அந்தப் பக்கம் பேர் போனது, கோவை கோரா காட்டனுக்கு புவிசார் குறியீடே இருக்கு. நெசவுக்கார அண்ணன்கிட்ட தூரத்துல நீலம் கிட்டக்க ஊதான்னு சொன்னதும் அவரு சிரிச்சுட்டு, "ஏனுங்க, மயில் கழுத்து மாதிரி தானுங்க கேக்கறீங்க, நூல் கலர் மட்டும் வேற"ன்னாரு. அதே தான். பாவுல ஒரு கலர், ஊடையில ஒரு கலர் போட்டா துணி திரும்ப திரும்ப கலர் மாறும், மயில் கழுத்துல அது நீலமும் பச்சையும். நாங்க பாவு பட்டுல ஆழ்ந்த நீலம், ஊடை காட்டன்ல மங்கின ரோஸ்னு வெச்சோம். பட்டு நூல் பளபளப்பு, காட்டன் அவ்வளவு மின்னாது, அதனால தூரத்துல வெளிச்சம் படும்போது நீலம் முன்னாடி வருது, கிட்ட நின்னு மடிப்பை பார்த்தா ரோஸும் நீலமும் சேர்ந்து ஊதா. ஒரு நூல் கூட ஊதா கிடையாது.

பொண்ணுக்கு இயற்கை சாயம் ஆசை. நம்ம திண்டிவனம் பக்கம் அவுரி விளையுது, அருமையான நீலம் வரும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அவுரி நீலம் சரியா அலசி எடுக்கலன்னா உரசற இடத்துல ஒட்டும், உள்ள வெளிர் லைனிங் வெக்கப் போறோம், ராத்திரி பூரா ஆளுங்க கட்டிப்பிடிச்சு போட்டோ எடுக்கப் போறாங்க, வெள்ளைச் சட்டை மாமா ஒருத்தர் நீலமாயிட்டா யார் பதில் சொல்றது. கோத்தகிரில நாமளே தொட்டி போடலாம்னாலும் இது சுமார் 1,800 மீட்டர் உயரம், புளிக்க வெக்கற அவுரித் தொட்டிக்கு சூடு வேணும், இந்தக் குளிர்ல தொட்டி தூங்கிடும். ஆக சேலை நூலுக்கு பட்டறை சாயம் தான், அதுல எனக்கு வெக்கம் எதுவும் இல்ல, இயற்கை சாயத்தை வேற இடத்துல வெச்சோம், அது அப்புறம் வருது.

கருப்பு தண்டை சேலைலயே நிக்க வெக்கணும்னு எனக்கு ஆசை, முந்தில மட்டும் மேல் நோக்கி மெல்லிசு கருப்பு கோடு. அண்ணன் முடியாதுங்கன்னுட்டாரு, முந்தி தோள்ல இருந்து தொங்கும்போது மேலயும் கீழயும் ஓடறது பாவு நூல், பாவுல கருப்பு போட்டா அது முந்தியோட நிக்காது, சேலை மொத்த நீளத்துக்கும் ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் ஓடும். முந்தில மட்டும் மாத்தறதுன்னா ஊடை தான் மாத்த முடியும், அது குறுக்கால ஓடற கோடு. சரி, குறுக்கு கோட்டுக்கு என்ன இருக்கு நம்மகிட்ட? தேன். முந்தி ஆரம்பிக்கற இடத்துல தேன் கலர்ல ஒரே ஒரு ஊடை இழை, அப்புறம் நெறைய தூரம் ஒண்ணுமில்ல, திரும்ப ஒண்ணு, போகப் போக இடைவெளி குறைஞ்சு கடைசி ஒரு ஜாண்ல நெருக்கி நெருக்கி தேனாவே ஆயிடும். இதுக்கு டிசைன் அட்டை எதுவும் வேண்டாம், ஊடை நூலை ஓட்டற நாடா இன்னொண்ணு வெச்சு மாத்தி மாத்தி விட்டா போதும், நெசவுக்காரருக்கு கணக்கு மட்டும் நினைவு இருக்கணும். உடல் முழுக்க ஜரிகை இல்ல, புட்டா இல்ல, பார்டர் கூட இல்ல.

காசு விஷயம் ஒண்ணு சொல்லணும். ஒரே ஒரு சேலைக்கு யாரும் பாவு ஓட்ட மாட்டாங்க, ஒரு பாவுல பல சேலை வரும், மிச்சத்தையும் நாம தான் எடுத்துக்கணும். முதல்ல இது பெரிய செலவா தெரிஞ்சுது, அப்புறம் டீச்சரே வழி சொன்னாங்க, பாவு அதே நீலம் இருக்கட்டும், ஊடையை மாத்தி மாத்தி போடுங்க, எனக்கு ஒண்ணு, நாத்தனாருக்கு ஒண்ணு, அண்ணிக்கு ஒண்ணுன்னு. டீச்சர் சேலைக்கு காப்பிப்பொடி கலர் ஊடை, நாத்தனாருக்கு கரும்பச்சை, அண்ணிக்கு சாம்பல். யூனிபார்ம் மாதிரி எல்லாரும் ஒரே சேலை கட்டிட்டு நிக்கறதை விட இது எவ்வளவோ மேல், மேடைல நின்னப்போ எல்லாருக்கும் ஏதோ ஒரு சொந்தம் இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது, ஏன்னு யாருக்கும் பிடிபடல.

தோடர் டிசைன் ஏன் எடுக்கல

பொண்ணு இதை விடவே இல்ல. "நீலகிரின்னா தோடர் டிசைன் தானே அக்கா, ஒரு சின்ன பட்டி கைல போட்டா என்ன?" கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடைல கேட்டா ஒரு மணி நேரத்துல அடிச்சு கொடுத்துடுவாங்க, அதுவும் உண்மை தான்.

தோடர் பெண்கள் போடற அந்த பூவேலைக்கு புகூர்னு பேரு. கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணில சிவப்பும் கருப்புமா, எதையும் வரைஞ்சுக்காம, பிரேம்ல மாட்டாம, துணியோட இழையை எண்ணி எண்ணி பின்பக்கமா இருந்து போடற வேலை அது. ரெண்டு பக்கமும் பார்க்க நல்லா இருக்கும், நூலை இழுத்து முறுக்காம லேசா விடறதால கையால தடவினா மேடு தெரியும். அவங்க போத்திக்கற பூத்துக்குளில இது இருக்கும், இறந்தவங்க உடம்புக்கும் பூத்துக்குளி தான் போத்துவாங்க. இதை பொண்ணுகிட்ட சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அவங்க வாழ்க்கைல பிறப்புல இருந்து சாவு வரைக்கும் கூட வர்ற துணியோட ஓரத்தை நாம பாலியஸ்டர் நூல்ல மெஷின்ல அடிச்சு ரிசப்ஷனுக்கு போட்டுக்கிட்டா அது என்ன மரியாதை.

சட்டப்படி பார்த்தா தோடர் எம்பிராய்டரிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. ஆனா இதை எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறாங்க, புவிசார் குறியீடு காக்கறது பேரை, மெஷின்ல அடிச்சதை தோடர் எம்பிராய்டரின்னு சொல்லி விக்கக் கூடாதுங்கறதை, பேரு சொல்லாம டிசைனை மட்டும் சுட்டுட்டு போனா அதுல அவ்வளவு பிடி இல்ல. அதனால சட்டத்தை நம்பி எல்லாத்தையும் விடக் கூடாது, டிசைன் பண்றவங்களுக்குன்னு ஒரு கூச்சம் இருக்கணும்.

இதுல மாஸ்டர் ஒரு எதிர்வாதம் வெச்சாரு, இழை எண்ணி தையல் போடறது உலகம் முழுக்க இருக்கே, கர்நாடகால கசூத்தின்னு போடற எம்பிராய்டரி கூட எண்ணி போடறது தானே, அந்த முறையை மட்டும் எடுத்து நம்ம சொந்த டிசைன் ஒண்ணு போட்டா என்னன்னு. நியாயமான கேள்வி தான். ஆனா கோரா துணில இழை அவ்வளவு மெல்லிசு, கண்ணால எண்ண முடியாது, எண்ணற வேலைக்கு மேட்டி துணி மாதிரி மொத்த நூல், பாவும் ஊடையும் ஒரே அளவா இருக்கற துணி வேணும். அதை இந்த உடுப்புக்குள்ள நுழைக்கணும்னா தனியா ஒரு பட்டி வெச்சு தைக்கணும், அப்ப அது பார்க்கறவங்க கண்ணுக்கு தோடர் காப்பி மாதிரியே தான் நிக்கும். விட்டுட்டோம். அதுக்கு பதிலா டீச்சர் ஊட்டில தோடர் பெண்கள் போட்ட அசல் சால்வை ஒண்ணு முழு விலை கொடுத்து வாங்கி, வெட்டாம தைக்காம சம்பந்தி அம்மாவுக்கு சீர் தட்டுல வெச்சாங்க. என் கணக்குல இந்த கேஸ்லயே நல்ல முடிவு அது தான், அதுல எனக்கு பங்கு எதுவும் கிடையாது.

கோட்

ஜனவரி ராத்திரி ஊட்டில 0 டிகிரி பக்கம் போகும், கோத்தகிரி அவ்வளவு மோசம் இல்ல, ஆனாலும் மண்டபத்து வாசல்ல நின்னு வரவேற்கணும்னா பட்டுச் சேலையோட பல்லு தந்தி அடிக்கும். இங்க கல்யாணங்கள்ல வழக்கமா பார்க்கறது, லட்ச ரூபா லெஹங்கா மேல அவசரத்துக்கு யாரோ கொடுத்த ஸ்வெட்டர். அதனால கோட்டு தான் இந்த டிசைன்ல முக்கியமான உடுப்பு, சேலை அதுக்கு உள்ள வர்றது, அப்படி தான் நான் பிளான் பண்ணினேன்.

கோட்டோட கலரை பூவுல இருந்து எடுக்கல. ஜனவரில உறைபனி விழுந்து மேல்மலை புல்வெளி எல்லாம் காஞ்சு வைக்கோல் நிறத்துக்கு வந்துடும், அந்த மாசத்துல நம்ம மலையோட கலர் அது தான். ஊதாவுக்கு நேர் எதிர் கலர் மஞ்சள், பக்கத்துல மங்கின மஞ்சள் நின்னா ஊதா இன்னும் தூக்கும், அதனால கணக்கும் சரியா வந்துச்சு. கதர் காட்டன் துணியை டீத்தூள்ல சாயம் போட்டோம், கோத்தகிரில டீத்தூளுக்கு பஞ்சமா. டீல இருக்கற துவர்ப்பு தான் துணில பிடிக்குது, அதுலயே கொஞ்சம் இரும்புத் தண்ணி விட்டா அது கருப்பு பக்கம் திரும்பிடும். கலம்காரி போடறவங்க வெல்லமும் துருப்பிடிச்ச இரும்பும் சேர்த்து ஊறப்போட்டு கருப்புக்கு ஒரு தண்ணி எடுப்பாங்களே, அதே தான். ஆக ஒரே டீ தொட்டி, இரும்பு படாத துணி காஞ்ச புல், இரும்பு பட்ட துணி கருந்தண்டு. அந்தக் கருப்பு துணியை குறுக்கு வாட்டத்துல வெட்டி, உள்ள கயிறு வெச்சு உருட்டின ஓரப்பட்டியா, அதாவது பைப்பிங்கா பண்ணி, கோட்டோட ஒவ்வொரு தையல்லயும் கீழ இருந்து மேல ஓட விட்டோம். சேலைல நிக்க முடியாத தண்டு இங்க நின்னுச்சு. இரும்பு சேர்ந்த கருப்பு சாயம் நாளாக நாளாக நூலை அரிக்கும், பழைய கலம்காரில கருப்பு போட்ட இடம் மட்டும் இத்துப்போய் இருக்கறதை பார்த்திருப்பீங்க, அதனால இழுவை விழற இடத்துல அந்தத் துணி கூடாது, பைப்பிங்ல இழுவை இல்ல.

கோட்டுக்குள்ள மெல்லிசா பஞ்சு வெச்சு தையல் ஓட்டினது. கட்டம் கட்டமா ஓட்டினா மெத்தை மாதிரி ஆயிடும், இங்க தான் ஓவியம் உள்ள வந்துச்சு. ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர், கிழக்கிந்திய கம்பெனி காலத்துல மெட்ராஸ்ல வேலை பார்த்தவரு, நீலகிரி செடிகளுக்குன்னே 1846ல இருந்து 1851க்குள்ள ரெண்டு பாகம் கலர் படத்தோட போட்டாரு. வேடிக்கை என்னன்னா அந்த சமயம் அவரோட சம்பள வேலை கோயமுத்தூர்ல அமெரிக்க பருத்தியை விளைய வெச்சு பார்க்கறது. படம் வரைஞ்சது அவரு இல்ல, அவருக்கு முதல்ல ரங்கையா, 1845க்கு அப்புறம் கோவிந்துன்னு நம்ம நாட்டு ஓவியர்கள் ரெண்டு பேரு. கோவிந்து பேருல ஒரு ஆர்க்கிட் வகைக்கே பேரு வெச்சாரு வைட், அந்தக் காலத்துல அது சாதாரண விஷயம் இல்ல. இந்தப் படங்க ஸ்கேன் பண்ணி இலவசமா கிடைக்குது, உக்காந்து நிதானமா பார்த்தோம்.

அதுல நாங்க கவனிச்சது, செடி அழகா தெரியணும்னு வரையல அவங்க, அடையாளம் தெரியணும்னு வரைஞ்சாங்க. பின்னாடி வானம் இல்ல, மலை இல்ல, வெறும் வெள்ளை, நடுவுல ஒரு கிளை, கீழ மொட்டை பிரிச்சு, காயைப் பிளந்து, விதையை தனியா பெருசு பண்ணி. இலைல நரம்பு எங்க கிளம்பி எங்க வளைஞ்சு ஓரத்துக்கு போகுதுங்கறது வரைக்கும் இருக்கும். குறிஞ்சி இலைக்கு நரம்பு அழுத்தமா பள்ளமா விழும், நேர்ல தொட்டுப் பார்த்தவங்களுக்கு தெரியும். அந்த நரம்பு ஓட்டத்தை தான் கோட்டோட முதுகுல பஞ்சு தையலா ஓட்டினோம், நடு முதுகெலும்பு நடு நரம்பு, அதுல இருந்து ரெண்டு பக்கமும் வளைஞ்சு விலாவுக்கு போற கோடு. மாஸ்டருக்கு இது ரொம்ப பிடிச்சுப் போச்சு, ஏன்னா அந்த வளைவு உடம்போட வளைவோட சேர்ந்து போகுது, உடம்புக்கு ஒட்டி நிக்க மடிச்சு தைக்கற டார்ட் பிடிக்க வேண்டிய இடத்துல நரம்பே டார்ட் வேலையை பார்த்துடுச்சு. தூரத்துல இருந்து யாருக்கும் அது இலைன்னு தெரியாது, பரவால்ல.

கடைசியா கஃப். கோட்டுக்கு லைனிங் தேன் கலர் மெல்லிசு பட்டு, வெளிய தெரியாது. கை முடியற இடத்துல பஞ்சு இல்லாம தேன்கூடு ஸ்மாக்கிங் பண்ணினோம். துணில புள்ளி வெச்சு, மடிப்பு மடிப்பா பிடிச்சு, ஒரு வரிசைல பக்கத்து பக்கத்து மடிப்பை முடிச்சு போட்டு, அடுத்த வரிசைல ஒண்ணு விட்டு மாத்தி முடிச்சு போட்டுட்டே போனா நடுவுல அறை அறையா திறக்கும். ரெண்டரைல இருந்து மூணு மடங்கு துணி சாப்பிடும், கைவேலை, மெஷின்ல வராது. ஆனா அது நல்லா இழுத்துக் கொடுக்கும், அதான் விஷயம். ரிசப்ஷன் பொண்ணுக்கு கை நிறைய வளையல் இருக்கும், பட்டன் வெச்ச கஃப்னா வளையலுக்கு மேல ஏறாது, லூசா விட்டா குளிர்காத்து கைக்குள்ள போகும். தேன்கூடு ரெண்டுக்கும் இடம் கொடுத்துச்சு, வளையல் மேல விரிஞ்சு மணிக்கட்டுல வந்து கவ்விக்கும். கஃபை திருப்பி மடிச்சா உள்ள அந்தத் தேன் கலர்.

கோட்டோட கீழ் ஓரத்தை மலைச்சரிவு மாதிரி ஒரு பக்கம் ஏத்தி ஒரு பக்கம் இறக்கி வெட்டலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. மேடை சோபால உக்காந்தா சரிவு மடிஞ்சு ஒரு பக்கம் மட்டும் தூக்கிட்டு நிக்கும், நேராவே வெட்டினோம். மாப்பிள்ளை சட்டை பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, வெள்ளை காட்டன், காலருக்கு அடிப்பக்கமும் பட்டன் பட்டி உள்பக்கமும் தேன் கலர், அவரு ஒத்துக்கிட்டது அவ்வளவு தான்.

அன்னைக்கு என்ன ஆச்சு

முன்னாடியே ஒரு சாயங்காலம் சேலைத் துண்டை எடுத்துட்டு மண்டபத்துக்கு போய், மேடை லைட்டை போடச் சொல்லி பார்த்து வெச்சிருந்தோம். மஞ்சள் லைட்டுல நீலம் அமுங்கி ரோஸ் மேல வருது, சேலை நாகப்பழ கலருக்கு போயிடுது, வெளில வெள்ளை எல்இடில திரும்ப நீலம். இது தெரிஞ்சு வெச்சதால மேடைக்கு பின்னாடி திரையை ரோஸ் வேண்டாம், வெளிர் சாம்பல் போடுங்கன்னு டெக்கரேஷன்காரங்ககிட்ட சொல்ல முடிஞ்சுது. துணி பண்றவங்க விளக்கையும் பார்த்தே ஆகணும்.

சேலை கட்டி முடிச்சு கண்ணாடி முன்னாடி நின்னப்போ தான் பொண்ணுக்கு பிளெயின் பிடிச்சுது. நடக்கும்போது ஒவ்வொரு கொசுவத்துலயும் கலர் மாறினதை பார்த்துட்டு அவளே முன்னும் பின்னும் நடந்து பார்த்தா. ஆனா போட்டோல அது வரல, வராது, நின்னு எடுக்கற போட்டோல மாறற கலர் எப்படி வரும், போதாததுக்கு எடிட்டிங்ல கலரை ஏத்தி விட்டு மொத்தத்தையும் ஒரே அடர் ஊதாவா ஆக்கிட்டாங்க. வீடியோல மட்டும் கொஞ்சம் இருக்கு. இந்த மாதிரி துணிக்கு இது நிரந்தரக் குறை, ஆல்பத்துக்காக உடுப்பு வேணும்னு கேக்கறவங்களுக்கு நான் இதை சொல்ல மாட்டேன்.

கோட்டு வாசல்லயும் சாப்பாட்டு நேரத்துலயும் பிரமாதமா இருந்துச்சு, மேடைல லைட் சூட்டுக்கு கழட்டி வெச்சுட்டா. பஞ்சை இன்னும் மெல்லிசாக்கினா வாசல்ல குளிரும், ரெண்டும் ஒரே கோட்டுல கிடைக்காது. கழுத்துல பைப்பிங் கயிறு கொஞ்சம் விறைப்பு, நகையோட உரசுச்சு, அடுத்த ஆர்டர்ல கழுத்துக்கு மட்டும் கயிறு இல்லாத பைப்பிங்னு மாஸ்டர் நோட்டுல எழுதி வெச்சிருக்காரு.

வந்தவங்கள்ல பெரியம்மா ஒருத்தங்க நேராவே கேட்டுட்டாங்க, "குறிஞ்சி குறிஞ்சின்னு சொன்னீங்க, பூவு எங்க கண்ணு?" பொண்ணு கஃபை திருப்பி தேனை காட்டினா, பெரியம்மா முகத்துல எந்த மாற்றமும் இல்ல. டீச்சர் வந்து பாட்டை முழுசா சொல்லி தண்டு, தேன், சரிவுன்னு ஒவ்வொண்ணா காட்டினப்புறம் "ஓ, சரி சரி"ன்னுட்டு சாப்பிடப் போயிட்டாங்க. இதை நான் தோல்வின்னும் எடுத்துக்கல, வெற்றின்னும் சொல்ல வரல. பூ பிரிண்ட் போட்டிருந்தா பெரியம்மாவுக்கு விளக்கமே வேண்டியிருந்திருக்காது, அது உண்மை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்துல இந்த டிசைன் வெறும் நல்ல சேலை, நல்ல கோட்டு, எனக்கு அதுவே போதும், கஸ்டமருக்கு போதுமாங்கறதை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுக்கணும்.

துவைக்கறதுக்கு சொல்லி அனுப்பினது: கோட்டை சோடா இருக்கற சோப்புல போடக் கூடாது, டீச் சாயம் காரம் பட்டா கருத்து திட்டுத் திட்டா ஆயிடும், பூந்திக்கொட்டை தண்ணில நனைச்சு பிழியாம நிழல்ல காய வெக்கணும். கஞ்சி போடவே கூடாது, நம்ம ஊர் ஈரத்துக்கு கஞ்சித் துணி பீரோக்குள்ள பூசணம் பிடிக்கும், கோத்தகிரில ஐப்பசி கார்த்திகை மழைல அதை எல்லா வீட்லயும் பார்க்கலாம்.

சேலை பீரோல இருக்கு. கோட்டை பெங்களூர்ல ஜீன்ஸ் மேல போட்டுட்டு ஆபீஸ் போறாளாம். போன வாரம் கஃப்ல ஒரு முடிச்சு விட்டுப்போச்சு அக்கான்னு போட்டோ அனுப்பினா. ஒரு முடிச்சு போனா பக்கத்து அறை ரெண்டும் தொளதொளன்னு ஆயிடும், நீயா ஊசி எடுத்து இழுத்து கட்டாத, அங்க இருக்கற ஆல்ட்ரேஷன் கடைலயும் கொடுக்காத, மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிட்டான்னா அப்புறம் அந்த வரிசை விரியவே விரியாது, ஊருக்கு வரும்போது எடுத்துட்டு வா, மாஸ்டர் போட்டுத் தருவாருன்னு சொல்லியிருக்கேன்.